சிற்றினம் யாது? – ஒரு குறளதிகாரம் பற்றிய மறுநோக்கு

‘சிற்றினம் சேராமை’ என்னும் குறளதிகாரத்தை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் நம்மிடையே அரியர். தீயோரோடு கூடாதே, நல்லோரோடு கூடு என்று இரண்டு தொடரில் அதன் கருத்தைச் சொல்லிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குச் சென்றுவிடுகிறோம். எளிய அறிவுரை, மறுப்பார் எவருமிலர். மறுப்பார் இல்லாத காரணத்தாலேயே அதனை ஆராய்வாரும் இலர்.

நானும் பல ஆண்டுகள் அவ்வாறே நடத்தி வந்தேன். ஒரு வகுப்பில் பின்வரிசையில் மூன்று மாணவர் அமர்ந்திருந்தனர். வீட்டுப்பாடம் செய்து வருவதில்லை. பள்ளிக்கு ஒழுங்காக வருவதுமில்லை. அவர்களோடு மற்ற மாணவர் கூடிக் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு. ஒரு நாள் இவ்வதிகாரத்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதி, நீண்ட விளக்கம் தந்தேன். எவர் பெயரையும் சொல்லவில்லை. ஆயினும் என் கண் எங்கே சென்றது என்பதை வகுப்பு முழுவதும் கண்டுகொண்டது. மூவருள் ஒருவன் எழுந்து, “ஐயா, அப்படியானால் நாங்கள் யாரோடு சேர்வது?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்துவிட்டான். அவ்வாண்டு முடியுமுன்னே அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான்.

அவன் நின்றதற்கு என் பாடம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் கேட்ட வினா, அவ்வதிகாரத்தை நான் படித்த முறையில் இருந்த பிழையைக் காட்டிவிட்டது. அப்பிழை என்னுடையது மட்டுமன்று என்பதாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

‘இனம்’ என்னும் சொல்

முதற்கண் சொல்லின் பொருளைத் தெளிவு செய்துகொள்வோம். இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ‘இனம்’ என்றால் மலாயர், சீனர், இந்தியர் என்னும் பிரிவே நம் பிள்ளைகளின் நினைவுக்கு வரும். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1997 முதல் ஆண்டுதோறும் சூலை 21ஆம் நாளையொட்டி இன நல்லிணக்க நாள் கொண்டாடப்படுகிறது. 1964ஆம் ஆண்டு அந்நாளில் தொடங்கிய கலவரத்தை நினைவூட்டி, அத்தகைய கேடு மீண்டும் வாராமற் காப்பது அதன் நோக்கம். அக்கொண்டாட்டத்தில் ‘இனம்’ என்ற சொல்லைக் கேட்ட பிள்ளை, மறுவாரம் குறட்பாடத்தில் ‘சிற்றினம்’ என்பதைக் கேட்டால் என்ன நினைக்கும்? சிறுபான்மை இனம் என்றோ, தாழ்ந்த குலம் என்றோ நினைத்துவிட இடமுண்டு. இந்நாடுகளில் நாமே சிறுபான்மையினர். நம் மறையென நாம் போற்றும் நூல் சிறுபான்மையினரோடு சேராதே என்று சொல்வதாக ஒரு பிள்ளை எண்ணிவிடுமாயின், அப்பழி பாடம் சொன்ன நம்மையே சாரும்.

குறளில் இச்சொல் பிறப்பைக் குறித்து நிற்கவில்லை என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அடுத்த அதிகாரமாகிய ‘தெரிந்துசெயல்வகை’யின் இரண்டாம் குறளிலேயே, ஆராய்ந்து தேர்ந்துகொண்ட இனத்தோடு கூடி எண்ணிச் செய்வார்க்கு முடியாத பொருள் ஒன்றும் இல்லை என்கிறார் வள்ளுவர். பிறந்த குலத்தை ஒருவர் தேர்ந்துகொள்ள இயலாது. தேர்ந்துகொள்ளக்கூடியது கூட்டுறவேயாகும். ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்தில், இனத்தோடு எண்ணாமல் சினந்து நடக்கும் வேந்தனைப் பற்றிப் பேசுமிடத்து அச்சொல்லுக்கு அமைச்சர் எனப் பொருள் கொள்வர் உரையாசிரியர். ‘பகைமாட்சி’யில், குணமின்றிக் குற்றம் பலவுடையவன் இனம் இல்லாதவன் ஆகிவிடுவான் என்ற இடத்திலோ அது துணையைக் குறிக்கிறது. அமைச்சர், துணைவர், உடன் பழகுவோர் ஆகிய இவர்களே குறள் கூறும் இனம். 1886இல் குறளை ஆங்கிலத்தில் ஆக்கிய போப் அவர்களும் இவ்வதிகாரத் தலைப்பைக் கூட்டுறவு என்னும் பொருளிலேயே பெயர்த்தார்.

இனிச் ‘சிறுமை’ யாது? அருஞ்செயல் செய்பவர் பெரியர், செய்யமாட்டாதவர் சிறியர் என்பது ‘நீத்தார் பெருமை’யில் வள்ளுவரே வகுத்த எல்லை. அங்கும் பிறப்புக்கு இடமில்லை. பரிமேலழகர் சிற்றினத்துக்கு ஒரு பட்டியல் தருகிறார்: நன்மையும் தீமையும் இல்லையென்று வாதிப்போர், விடர், தூர்த்தர், நடர் முதலாயினார் அதனுள் வருவர். நடரையும் இதனுள் சேர்த்தது அவர் காலத்துக் கருத்தாகலாம். கூத்துக்கலையைப் போற்றும் நாம் அதனை ஏற்க வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் மறத்தல் கூடாது. அப்பட்டியல் உரையாசிரியருடையது. வள்ளுவர் பத்துக் குறளில் ஓரிடத்தும் இன்னார் சிற்றினத்தார் என்று பெயர் சுட்டவில்லை, தொழில் சுட்டவில்லை. பெருமை அதற்கு அஞ்சும், சிறுமையோ அதனைச் சுற்றமாகவே கொள்ளும் என்று தொடங்கி, அதனால் விளையும் பயன்களையே அடுக்கிச் செல்கிறார். பெயரால் அறியப்படாமல், விளைவால் அறியப்படுவது சிற்றினம்.

அதிகாரம் நிற்கும் இடம்

பரிமேலழகர் வகுப்பின்படி இவ்வதிகாரம் பொருட்பாலில் அரசியல் என்னும் பகுதியில் நிற்கிறது. இதற்கு முன்னது ‘பெரியாரைத் துணைக்கோடல்’, பின்னது ‘தெரிந்துசெயல்வகை’. ஆகவே இது சிறுவர்க்குச் சொன்ன அறிவுரையாகத் தொடங்கியதன்று. ஆளும் பொறுப்புடையார்க்குச் சொன்ன எச்சரிக்கையாகும். முன்னதிகாரத்தில், இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவர் எவரும் இல்லாதபோதும் கெடுவான் என்கிறார். அம்மன்னனைக் கெடுத்தவர் யார்? அவன் அவையில் கள்வரும் கயவரும் இருந்தார் என்று குறள் சொல்லவில்லை. தவறென்று சொல்ல ஒருவரும் இல்லை; அவ்வளவே. இனிய சொல்லும் நல்ல உடையும் உடையவர் நிறைந்த அவையும், மறுத்துரைப்பார் இல்லையெனில், சிற்றினம் ஆகிவிடும்.

இவ்விரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படிக்கும்போது பின்வரிசைப் பையன்மேல் சென்ற நம் கண், நம்மைச் சூழ்ந்திருப்போர் மேலும் செல்லக் கடமைப்பட்டதாகிறது. ஆசிரியர் அறையிலும், சங்கக் கூட்டத்திலும், கோயில் நிருவாகத்திலும் நாம் எவர் நடுவே அமர்ந்திருக்கிறோம்? நம்மை மறுப்பவர் அங்கு உளரா? இவ்வினாவே அதிகாரத்தின் முதல் வினா.

நீரும் நிலமும்

அதிகாரத்தின் உவமை நாமெல்லாம் அறிந்ததே. நீர் தான் சேர்ந்த நிலத்தின் இயல்பால் தன் இயல்பு மாறும். மாந்தர் அறிவும் தாம் சேர்ந்த இனத்தின் இயல்பை அடையும். மழையாக விழும்போது நீர் ஒன்றே. செம்மண்ணில் விழுந்தது சிவக்கிறது. உவர்நிலத்தில் விழுந்தது கரிக்கிறது. நீர் விரும்பி மாறியதன்று. மாறியதைத் தான் அறிந்ததுமன்று.

இவ்வுவமையில் தனிமனிதன் நீர், கூட்டமே நிலம். நான் செய்த பிழை இங்கேதான். என் மாணவனும் மழைநீராக வந்தவனே. அவனை நிலம் என்று கொண்டு, மற்ற நீரெல்லாம் அவனை விட்டு விலக வேண்டும் என்று பாடம் சொன்னேன். தனி ஒருவனைச் சிற்றினம் என்று அழைப்பதற்கு இவ்வுவமை இடந்தருவதில்லை.

அடுத்த இரு குறள்களில் நுட்பமான ஒரு சிக்கல் இருக்கிறது. உணர்ச்சி மனத்தால் உண்டாவது, இன்னான் என்று உலகம் சொல்லும் சொல் இனத்தால் உண்டாவது என்று ஒன்று பிரித்துக் காட்டுகிறது. உடனே வரும் மற்றொன்று, அறிவு மனத்தில் உள்ளது போலத் தோன்றினும் உண்மையில் இனத்தில் உள்ளது என்கிறது. மனமா, இனமா? பரிமேலழகர் இதனைத் திறம்படத் தீர்க்கிறார். புலன்வழி வரும் பொது உணர்வு மனத்தால் ஆவது; நன்று தீது என ஆராயும் விசேட உணர்வு இனத்தால் ஆவது என்பது அவர் கொள்கை. மரத்தை மரமென்று காண்பதற்கு எவர் துணையும் வேண்டா. ஒரு செயலை நன்றென்று துணிவதில்தான் கூட்டத்தின் கை நுழைகிறது. நுழைந்த பின்பும் அத்துணிவு நம் சொந்த அறிவு போலவே நமக்குத் தோன்றும். இவ்வதிகாரத்தின் உயிர்நிலை இக்கருத்தே என்பது என் துணிபு.

இக்கால ஆய்வுகள் காட்டுவன

மனவியலார் இதனை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்திருக்கின்றனர். துருக்கியில் பிறந்த முசாபர் செரீப் என்பார் 1935இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் காண்போம். இருட்டறையில் அசையாத ஒரு சிறு ஒளிப்புள்ளியைப் பார்த்தால் அது அசைவது போலத் தோன்றும். அது கண்ணின் மயக்கம். எவ்வளவு தொலைவு அசைந்தது என்று தனித்தனியே கேட்டபோது ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அளவைச் சொன்னார்கள். இருவர் மூவராகக் கூட்டிவைத்துக் கேட்டபோது அளவுகள் மெல்ல மெல்ல ஒன்றையொன்று நெருங்கின. பின்னர்த் தனியே அமர்த்திக் கேட்டபோதும் கூட்டத்தில் உருவான அளவையே கொண்டிருந்தனர். கூட்டம் கலைந்துவிட்டது, அதன் அளவுகோல் மட்டும் ஒவ்வொருவர் மனத்திலும் தங்கிவிட்டது. மனத்தில் உள்ளதுபோற் காட்டும் அறிவு என்பதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் காண்டல் அரிது.

அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்பார் 1950களில் செய்த சோதனை இன்னும் புகழ் வாய்ந்தது. ஏழு முதல் ஒன்பது பேர் ஓர் அறையில் அமர்வர். ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றனுள் எது முதற்கோட்டின் நீளம் உடையது என்று சொல்ல வேண்டும். குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் கூட்டத்தில் ஒருவரைத் தவிர ஏனையோர் எல்லாரும் ஆய்வாளர் ஏவியபடி, 18 முறைகளில் 12 முறை ஒரே தவறான விடையைச் சொல்வர். ஒன்றும் அறியாத அந்த ஒருவர் என் செய்வார் என்பதே சோதனை. 123 மாணவரிடம் செய்த ஆய்வில், அவர்தம் விடைகளில் 36.8 விழுக்காடு கூட்டத்தின் தவற்றையே பின்பற்றின. தனியே எழுதச் சொன்னபோதோ ஒரு விழுக்காடுகூடத் தவறவில்லை. பின்னர் வினவியபோது, தம் கண்ணே பழுது என்று நினைத்தவரும் உண்டு. சரியானதை அறிந்தும் வேறுபட்டுத் தோன்ற அஞ்சி மாற்றிச் சொன்னவரும் உண்டு. பரிமேலழகர் கூறிய பொது உணர்வையே கூட்டம் அசைத்துவிட்டது எனலாம்.

அச்சோதனையில் ஆசிரியர்க்கு மிகவும் வேண்டிய பகுதி வேறொன்று. கூட்டத்தில் உண்மை சொல்லும் துணைவர் ஒரே ஒருவரை வைத்தபோது, தவறு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அத்துணைவர் பாதியில் கூட்டத்தாரோடு சேர்ந்துகொண்டபோது தவறு திடீரென ஏறியது. அவர் வேலையாக அழைக்கப்பட்டு அறையை விட்டு வெளியே சென்றபோதும் ஏறியது. ஆனால் அத்துணை ஏறவில்லை. பிரிந்துபோன துணை தந்த உறுதி ஓரளவு எஞ்சி நிற்கிறது; மாறிப்போன துணையோ தந்ததையும் பறித்துச் செல்கிறது.

இவற்றைக் காட்டி, வள்ளுவர் அன்றே மனவியல் சோதனை செய்துவிட்டார் என்று முழங்குவது நம்மிற் சிலர் வழக்கம். அது குறளுக்கும் பெருமையன்று, அறிவியலுக்கும் நேர்மையன்று. ஆஷ் ஆராய்ந்தது அயலார் நடுவே ஒரு சிறு பொழுது. வள்ளுவர் நினைத்தது வாழ்நாள் முழுவதும் உடன் பழகும் கூட்டம். அவர் கோடுகளை அளந்தார். இவர் ஒழுக்கத்தை அளந்தார். மேலும் ஆஷின் எண்களைத் திருப்பிப் பார்த்தால், விடைகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சரியானவை. மாணவருள் நான்கில் ஒருவர் ஒரு முறையும் வளையவில்லை. கூட்டம் வலியது, ஆயினும் அதுவே எல்லாமன்று. குறளும் இந்நிறையைத் தவற விடவில்லை. மனநலத்தை உயிர்க்கு ஆக்கம் என்று முதலில் வைத்து, அம்மனநலம் நன்குடைய சான்றோர்க்கும் இனநலம் ஏமாப்பு உடையது என்று பின் சொல்கிறது. இன்று மனநலம் என்பது நோயற்ற மனநிலையையும், ஏமாப்பு என்பது ஏமாற்றத்தையும் நினைவூட்டலாம். இங்கே முன்னது மனத்தின் நன்மை. பின்னது வலிமையும் காப்புமாம். நல்ல மனத்துக்கும் காப்பு வேண்டும் என்பதே கருத்து.

அதிகாரத்தின் எல்லை

குறளைப் போற்றுவோர் அதன் எல்லையைச் சுட்டவும் அஞ்சுதல் கூடாது. இவ்வதிகாரத்தில் செல்வாக்கு ஒரு திசையிலேயே செல்கிறது. நிலம் நீரை மாற்றும். நீர் நிலத்தை மாற்றுவது பற்றிப் பேச்சில்லை. விலகுவதே வழியாகச் சொல்லப்படுகிறது. வேந்தன் தன் அவையைத் தேர்ந்துகொள்ளலாம், வேண்டாதாரை விலக்கலாம். பத்து வயதுப் பிள்ளை தன் வகுப்பைத் தேர்ந்துகொள்ளுமா? தன் தெருவைத் தேர்ந்துகொள்ளுமா? அரசனுக்குச் சொன்னதை அப்படியே பிள்ளைக்குச் சொல்லும்போது, தேர்வுரிமை இல்லாதவன்மேல் தேர்வின் பழியைச் சுமத்துகிறோம்.

மறுதிசையை வள்ளுவர் அறியாதவர் அல்லர். ‘நட்பு’ அதிகாரத்தில், நட்பு சிரித்து மகிழ்வதற்காக மட்டும் அன்று, நண்பன் எல்லை மீறும்போது முற்பட்டுச் சென்று இடித்துரைப்பதற்காக என்கிறார். இடித்துரைப்பவன் விலகி நிற்பவன் அல்லன், அருகே செல்பவன். சிற்றினம் சேராமையைப் படிப்பித்து இதனைப் படிப்பியாது விட்டால், பிள்ளைகள் ஒதுக்கக் கற்பர், திருத்தக் கற்கமாட்டார்.

மறுதிசையையும் ஆய்வாளர் அளந்து பார்த்தனர். பிரான்சு நாட்டில் மாஸ்கோவிச்சி என்பாரும் அவர்தம் துணைவரும் 1969இல் வெளியிட்ட ஆய்வில், அறுவர் கொண்ட குழுவில் ஏவப்பட்ட இருவர் நீல நிறத்தைப் பச்சை என்றே மாறாமல் சொல்லி வந்தனர். ஏனை நால்வர் விடைகளிலும் 8.42 விழுக்காடு பச்சை என்றே வந்தன. அவ்விருவர் முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னபோது அது 1.25 விழுக்காடாகச் சுருங்கியது. சிலர் பலரை அசைத்தல் அரிது. ஆயினும் உறுதி இருப்பின் அது நிகழ்கிறது. அங்கே அவர்கள் சொன்னது பொய் என்பதையும் கருதுக. உறுதி நன்மைக்கும் உதவும்; தீமைக்கும் உதவும்.

ஆசிரியர் செய்யத்தக்கது

இவ்வாறு நோக்கின், நமக்கு மூன்று கடமைகள் புலப்படும்.

ஒன்று, ‘இனம்’ என்பதற்குக் கூட்டுறவு எனப் பொருள் சொல்லிய பின்னரே பாடம் தொடங்குதல். குலமும் நாடும் மொழியும் இதனுள் இல்லை என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும். பிள்ளை தானே உணர்ந்துகொள்ளும் என்று விட்டுவிடுதல் தகாது.

இரண்டு, சிற்றினம் என்பதை ஆள்மேல் ஏற்றாது கூட்டத்தின் செயல்மேல் ஏற்றிக் காட்டுதல். மறுத்துப் பேசுபவனை நகைக்கும் கூட்டம், ஒருவனைப் பலர் சேர்ந்து இழிவு செய்யும் கூட்டம், தவற்றைத் தவறென்று சொல்ல அஞ்சும் கூட்டம் ஆகிய இவையே அதன் அடையாளங்கள். இவ்வளவுகோலால் அளந்தால், அன்று பின்வரிசைப் பையனைப் பார்த்துச் சிரித்த என் வகுப்பு எக்கூட்டத்தைச் சேரும்? அச்சிரிப்பைத் தடுக்காத ஆசிரியன் எந்நிலத்தை உழுதான்?

மூன்று, துணை அமைத்தல். பின்தங்கிய பிள்ளைகளை ஒரே வரிசையில் ஒன்றாக அமர்த்துவது அவர்கட்கென்றே ஒரு நிலத்தை வகுத்துத் தருவதாகும். ஒவ்வொருவன் அருகிலும் மாறாத துணை ஒன்றை அமர்த்தினால் போதும். கூட்டம் முழுவதையும் மாற்ற வேண்டுவதில்லை. அத்துணை இடையில் கைவிடுவதாக இருத்தல் கூடாது. ஒரு பிள்ளைக்கு அத்துணை மற்றொரு பிள்ளையாகலாம். எவரும் வாய்க்காதவிடத்து ஆசிரியரே ஆதல் வேண்டும்.

நல்லினத்தினும் மேலான துணையில்லை, தீயினத்தினும் மிக்க துன்பமில்லை என்ற கருத்தோடு அதிகாரம் முடிகிறது. முன்பெல்லாம் அதன் பிற்பகுதியையே அழுத்திச் சொல்லி வந்தேன். இப்போது முற்பகுதியில் நெடுநேரம் நிற்கிறேன். “நாங்கள் யாரோடு சேர்வது?” என்று கேட்டவனுக்குரிய விடை அங்கேதான் இருந்தது. என்னோடு வந்து சேர் என்று அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். வகுப்பில் அவ்வினா மீண்டும் எழுமாயின், ஆசிரியப் பெருமக்களே, அதற்கு விடை சொல்லாமல் எவரையும் உட்காரச் சொல்லாதீர்கள்.